நாளையை விற்கக் கற்றுக்கொண்ட விளையாட்டு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஏலச்சீட்டு போடுவது சாதாரணமாக நடப்பது. 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், 20 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு லட்சம் சேரும். அது யாருக்கு என்பதை ஏலம் சொல்லும். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயித்துவிட்டவர் இரண்டாவது மாதமே 30,000 தள்ளி, 70,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போவார். அவர் தள்ளிய பணம் எல்லாருக்கும் பிரியும். அவசரம் இல்லாதவர் கடைசி வரை இருந்து ஏறக்குறைய முழுத் தொகையையும் எடுப்பார். இருவரும் சேர்ந்தது ஒரே சீட்டில்தான். ஒருவரால் காத்திருக்க முடிந்தது, இன்னொருவரால் முடியவில்லை. அந்த வித்தியாசத்துக்குத்தான் 30,000 ரூபாய்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் இதே வியாபாரம், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வைத்து நடக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை 30 அணிகளும் வரிசைப்படி, சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். முந்தைய சீசனில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு வரிசையின் முன்பக்கத்தில் இடம். அந்த இடத்தைத்தான் பிக் என்கிறார்கள். ஓர் அணி தன் பிக்கை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வீரர்களை வாங்கிக்கொள்ளலாம். இந்த வருடத்துப் பிக்கை மட்டுமில்லை, ஏழு வருடம் வரை தள்ளி வரப்போகும் பிக்குகளையும் கொடுக்கலாம். அப்படி ஒரு பிக்கில் தேர்வாகப்போகிறவன் இன்று 12, 13 வயதில் எங்கோ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பான். அவன் யார், விற்கும் அணி அன்றைக்கு எந்த நிலையில் இருக்கும், வரிசையில் எத்தனையாவது இடம் கிடைக்கும், ஒன்றும் தெரியாது. ஆனாலும் விலை பேசி முடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரக்கு எப்படிப் பிறந்தது, அதற்கு ஒரு காவல் விதி எப்படி வந்தது என்பதை ஒரகடத்துக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன். காத்திருப்பதன் விலையை மாதாமாதம் கணக்குப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

டிராஃப்ட் பிறந்தது கூடைப்பந்தில் இல்லை. 1935இல் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் பெர்ட் பெல் இந்த யோசனையை முன்வைத்தார். பணமும் பெயரும் உள்ள அணிகள் நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போக, தோற்கிற அணி தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றவருக்கு முதல் வாய்ப்பு கொடுத்தால்தான் லீக் பிழைக்கும் என்றார் பெல். மற்ற உரிமையாளர்கள் ஒப்புக்கொள்ள, 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பிக் பெல்லின் அணிக்கே வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம் ஜே பெர்வாங்கரை எடுத்தார்கள். கேட்ட சம்பளத்தைத் தர முடியாது என்று தெரிந்ததும் பெல் அந்த உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தார். அங்கேயும் பேச்சு படியவில்லை. பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

1946இல் தொடங்கி, பிறகு என்பிஏ என்று பெயர் மாறிய லீக் 1947இல் தன் முதல் டிராஃப்டை நடத்தியது. பிட்ஸ்பர்க் அயர்ன்மென் அணி முதல் ஆளாக க்ளிஃப்டன் மெக்னீலியைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த சீசன் தொடங்குவதற்குள் அந்த அணியே கலைந்துபோனது. மெக்னீலி டெக்சாஸில் பள்ளிக்கூடப் பயிற்சியாளர் வேலைக்குப் போனார். லீகில் அவரும் ஒரு ஆட்டம் ஆடவில்லை. இரண்டு லீகிலும் வரலாற்றின் முதல் பிக் அதை வைத்திருந்தவருக்கு எதையும் தரவில்லை. பிக் கையில் இருந்தால் ஆளைக் கூப்பிடலாம். அவன் வருவானா, வந்தால் ஆடுவானா, அதுவரை அணி இருக்குமா என்பதெல்லாம் வேறு கணக்கு.

பிக்கை விற்று வாங்கினால் ஓர் அணியின் தலைவிதியே மாறும் என்று உலகத்துக்குக் காட்டியது 1956. பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு பில் ரஸ்ஸல் என்ற இளைஞன் வேண்டும். இரண்டாவது பிக் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் கையில் இருந்தது. பாஸ்டன் தன் நட்சத்திரம் எட் மக்காலியையும் கிளிஃப் ஹேகனையும் கொடுத்து அந்த பிக்கை வாங்கியது. முதல் பிக்கை வைத்திருந்த ராச்செஸ்டர் ராயல்ஸ் வேறொருவரை எடுத்தது. ரஸ்ஸல் பாஸ்டனுக்கு வந்து 13 சீசனில் 11 பட்டம் வாங்கிக் கொடுத்தார். விற்ற செயின்ட் லூயிஸையும் ஏமாந்த அணி என்று சொல்ல முடியாது. மக்காலி, ஹேகன் இருவரோடும் அது 1958இல் அதே பாஸ்டனை இறுதிச் சுற்றில் தோற்கடித்துப் பட்டம் வாங்கியது. அன்று விற்கப்பட்டது அந்த வருடத்துப் பிக். எடுக்கப்போகிற ஆள் யார் என்று இரு தரப்புக்கும் தெரியும். அதனால் பேரமும் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தது.

நாளையின் பிக்கை விற்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1976இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் கெயில் குட்ரிச்சைச் சேர்த்துக்கொண்டது. அவருக்கு அப்போது 33 வயது. அன்றைய விதிப்படி லேக்கர்ஸுக்கு நஷ்டஈடு தர வேண்டும். தந்தவற்றில் 1979ஆம் வருடத்து முதல் சுற்றுப் பிக்கும் ஒன்று. குட்ரிச் காயத்தில் விழுந்தார், 1979இல் ஓய்வு பெற்றார். அந்த சீசனில் ஜாஸ் 82 ஆட்டத்தில் 26 மட்டும் வென்று லீகின் கடைசி இடத்துக்குப் போனது. அப்போதெல்லாம் முதல் பிக் யாருக்கு என்பதை நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். எதிர்த் தரப்பான சிகாகோ புல்ஸ் தலை கேட்டது, பூ விழுந்தது. ஜாஸின் தோல்வியால் கிடைத்த முதல் பிக்கில் லேக்கர்ஸ் மேஜிக் ஜான்சனை எடுத்தது. முதல் சீசனிலேயே பட்டம், அடுத்த பத்து வருடத்துக்குள் மொத்தம் ஐந்து பட்டம்.

இந்த வியாபாரத்தின் இயல்பு இந்தச் சம்பவத்தில் முழுசாகத் தெரிகிறது. லேக்கர்ஸ் 1976இல் வாங்கியது மேஜிக் ஜான்சனை இல்லை, அவரை அப்போது யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அவர்கள் வாங்கியது ஜாஸ் அணியின் எதிர்காலத்தில் ஒரு பங்கு. விற்றவர் எவ்வளவு மோசமாகப் போகிறாரோ அவ்வளவுக்கு வாங்கியவர் கையில் மதிப்பு ஏறும். வயதான ஒரு வீரருக்காக நாளையைக் கொடுக்கிற அணி, தான் நன்றாக ஆடப்போகிறோம், பிக் கடைசியில்தான் விழும், அதனால் பெரிய நஷ்டமில்லை என்று நம்பித்தான் கொடுக்கிறது. அந்த நம்பிக்கை பொய்க்கும்போது ஒரே சமயத்தில் இரண்டு அடி விழுகிறது. ஆட்டமும் போகிறது, ஆட்டம் போனதற்கு ஆறுதலாகக் கிடைக்க வேண்டிய பிக்கும் போகிறது.

க்ளீவ்லேண்ட் கேவலியர்ஸ் இதை அடுத்தடுத்து அனுபவித்தது. 1980 பிப்ரவரியில் அந்த அணி, 1982இன் முதல் சுற்றுப் பிக்கை லேக்கர்ஸிடம் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் டான் ஃபோர்டு என்ற சாதாரண வீரர். 1982இல் க்ளீவ்லேண்ட் 82 ஆட்டத்தில் 67இல் தோற்றது. பட்டம் வென்ற கையோடு லேக்கர்ஸ் அந்த முதல் பிக்கில் ஜேம்ஸ் வொர்தியை எடுத்தது.

அதற்குள் அணி கை மாறியிருந்தது. 1980இல் டெட் ஸ்டெபியன் என்ற விளம்பரத்துறைத் தொழிலதிபர் அதை வாங்கினார். அணியைச் சீக்கிரம் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற அவசரத்தில் அவரது நிர்வாகம் வரும் வருடங்களின் முதல் சுற்றுப் பிக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்கள் நடுத்தர வீரர்கள். பெரும்பாலானவற்றை வாங்கியது, அதே வருடம் புதிதாக லீகில் சேர்ந்த டாலஸ் மாவெரிக்ஸ். க்ளீவ்லேண்டின் பிக்குகளில் அது 1983இல் டெரெக் ஹார்ப்பர், 1984இல் சாம் பெர்கின்ஸ், 1985இல் டெட்லெஃப் ஷ்ரெம்ப், 1986இல் ராய் டார்ப்ளி என்று நான்கு வருடம் வரிசையாக ஆள் எடுத்தது. ஒரு புது அணி இன்னோர் அணியின் நான்கு வருட எதிர்காலத்தைக் கொண்டு தன்னைக் கட்டியெழுப்பிக்கொண்டது.

லீக் பயந்தது. க்ளீவ்லேண்ட் இனி எந்தப் பரிமாற்றம் செய்தாலும் லீகின் ஒப்புதல் வேண்டும் என்று 1980இன் பிற்பகுதியிலேயே கட்டுப்பாடு போட்டது. 1983இல் கோர்டன் குண்ட், ஜார்ஜ் குண்ட் சகோதரர்கள் அணியை வாங்க முன்வந்தபோது, விற்றுப்போன பிக்குகளுக்கு ஈடாகக் கூடுதல் பிக்குகளை லீக் ஏற்பாடு செய்து கொடுத்தது. நாளை என்று ஒன்றுமே மிச்சமில்லாத அணியை யார் வாங்குவார்கள்? இந்தக் கசப்பிலிருந்து பிறந்ததுதான் இன்றுவரை ஸ்டெபியன் விதி என்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் விதி. அடுத்தடுத்து வரும் இரண்டு வருடங்களில் முதல் சுற்றுப் பிக்கே இல்லாமல் போகும்படி எந்த அணியும் விற்கக் கூடாது. 2027ஐ விற்றால் 2028இல் ஏதாவது ஒரு முதல் சுற்றுப் பிக் கையில் இருக்க வேண்டும்.

நம் சீட்டுக்கும் இப்படி ஒரு காவல் உண்டு. 1961இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது, பிறகு 1982இல் மத்திய அரசின் சிட் ஃபண்ட் சட்டம் வந்தது. பதிவு செய்த சீட்டில் எவ்வளவு வரை தள்ளலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. இரண்டு மூன்று பேர் அந்த உச்சவரம்பைத் தொட்டுவிட்டால் மேலே கேட்க முடியாது, குலுக்கிப் போட்டுத்தான் முடிவு. எவ்வளவு அவசரமானாலும் ஒருவர் தன் பங்கை அதற்கு மேல் இழக்கக் கூடாது என்பது சட்டத்தின் எண்ணம். ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பதிவில்லாத சீட்டில் அந்தக் காவல் கிடையாது. அங்கே அவசரத்தின் விலை எவ்வளவு வேண்டுமானாலும் போகும். எடுத்தவர் மீதி மாதங்களுக்குக் கட்ட வேண்டும், அதற்கு வேலை இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் திறந்து, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பரில் நின்றுபோனது. நாளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதை இந்தப் பகுதி நேரில் பார்த்திருக்கிறது.

நாளையின் நிச்சயமின்மையை என்பிஏ வேறொரு பக்கத்திலிருந்து கூட்டவும் செய்தது. தோற்றால்தான் நல்ல பிக் என்பதால் சில அணிகள் வேண்டுமென்றே தோற்கின்றன என்ற புகார் வந்தது. அதைத் தடுக்க 1985இல், வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் லாட்டரி வந்தது. 1990இலிருந்து மோசமான அணிக்குக் கூடுதல் வாய்ப்பு. இன்றைய முறையில் 14 பந்துகளை இயந்திரத்தில் சுழலவிட்டு நான்கை எடுக்கிறார்கள். அதில் வரக்கூடிய 1,001 சேர்க்கைகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு 1,000ஐ 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2019இலிருந்து, கடைசி மூன்று இடத்தில் இருக்கும் அணிகளுக்கு ஆளுக்கு 140 சேர்க்கைகள், அதாவது 14 சதவீத வாய்ப்பு. விற்ற அணி எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் அந்த பிக் முதலிடத்தில் விழும் என்று இனிமேல் யாரும் கணக்குப் போட முடியாது.

விற்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒரு வழி கண்டார்கள். பிக்கை விற்கும்போதே, இத்தனையாவது இடத்துக்குள் விழுந்தால் எங்களுக்கே, அதற்குப் பின்னால் விழுந்தால் உங்களுக்கு என்று நிபந்தனை எழுதிக்கொள்வது. 1997இல் வான்கூவர் கிரிஸ்லிஸ் அணி, ஓட்டிஸ் தார்ப் என்ற மூத்த வீரருக்காக டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் இப்படி ஒரு பிக்கைக் கொடுத்தது. வருடங்கள் ஓடின, அணி மெம்ஃபிஸுக்கு இடம் மாறியது. 2003 வரும்போது நிபந்தனை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். முதல் இடம் விழுந்தால் மட்டும் மெம்ஃபிஸுக்கு. லாட்டரியில் விழுந்தது இரண்டாவது இடம். முதல் இடத்தில் போனவர் லெப்ரான் ஜேம்ஸ். ஒரே ஓர் இடம் தள்ளியதால் மெம்ஃபிஸுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

டெட்ராய்ட் என்ன செய்தது? அந்த இரண்டாவது பிக்கில் செர்பியாவின் டார்கோ மிலிசிச்சை எடுத்தது. அவருக்கு அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள் கார்மெலோ ஆன்தனி, கிரிஸ் பாஷ், டுவெய்ன் வேட். மிலிசிச் அவர்கள் அளவுக்கு வளரவே இல்லை. பிக் நல்ல இடத்தில் விழுவதோடு சோதனை முடிவதில்லை, சரியான ஆளைக் கண்டுபிடிக்கிற கண்ணும் வேண்டும். நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது, 19 வயதுக்குட்பட்டோர் அணி வீரர்களை மட்டும் ஏலத்தில் விடாமல் டிராஃப்ட் முறையில் பிரித்தார்கள். டெல்லி அணி பிரதீப் சங்வானை எடுத்தது. டெல்லிப் பையனான விராட் கோலி பெங்களூருக்குப் போனார்.

தமிழ்நாட்டிலும் ஒரு லீக் டிராஃப்டில் பிறந்து ஏலத்துக்கு மாறியிருக்கிறது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் 2022 வரை டிராஃப்ட் வழியாக ஆள் எடுத்தது. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் முதல் ஏலம் நடந்தது. எட்டு அணிகளுக்கும் ஆளுக்கு 70 லட்ச ரூபாய் வரம்பு. சாய் சுதர்சனை லைக்கா கோவை கிங்ஸ் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம். அந்த மே மாதமே ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 96 ரன் எடுத்தார். ஏலத்தில் விலை எல்லார் காதிலும் விழுகிறது, வாங்கியவர் தன் பையிலிருந்து அன்றைக்கே கொடுக்கிறார். டிராஃப்ட் பிக்கின் விலையோ கைமாறிப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வருகிறது, அப்போது விற்றவர்களில் பலர் அந்த நாற்காலியிலேயே இருப்பதில்லை.

அப்படித் தாமதமாகத் தெரிந்த விலைகளில் ஒன்றில் இந்தியத் தொடர்பும் உண்டு. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு 2013இல் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியை வாங்கியது. 2015இல் புது வீரர்களைச் சேர்க்கச் சம்பள வரம்பில் இடம் தேவைப்பட்டது. மூன்று வீரர்களை ஃபிலடெல்ஃபியாவின் கூடைப்பந்து அணிக்கு அனுப்பியது. அவர்களை ஏற்றுக்கொள்வதற்குக் கூலியாக, பின்னால் வரும் ஒரு முதல் சுற்றுப் பிக்கையும், 2016, 2017இல் வேண்டுமானால் பிக்குகளை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. 2017 லாட்டரியில் சாக்ரமெண்டோவுக்கு மூன்றாவது இடம் விழுந்தது, ஃபிலடெல்ஃபியாவுக்கு ஐந்தாவது. ஃபிலடெல்ஃபியா உரிமையைப் பயன்படுத்தி மாற்றிக்கொண்டது. பிறகு அந்த மூன்றாவது பிக்கோடு இன்னொரு வருங்காலப் பிக்கும் சேர்த்துப் பாஸ்டனிடம் கொடுத்து முதல் பிக்கை வாங்கி, மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது. தோள் பிரச்சினையால் அவர் அங்கே நிலைக்கவில்லை. பாஸ்டன் மூன்றாவது பிக்கில் எடுத்தவர் ஜேசன் டேட்டம்.

பாஸ்டன் கையில் முதல் பிக் எப்படி வந்தது என்பது இன்னொரு கிளைக்கதை. 2013இல் புரூக்ளின் நெட்ஸ், கெவின் கார்னெட், பால் பியர்ஸ் ஆகிய மூத்த நட்சத்திரங்களுக்காகப் பாஸ்டனிடம் 2014, 2016, 2018 முதல் சுற்றுப் பிக்குகளையும் 2017இல் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்திருந்தது. பட்டம் வாங்கப்போகும் அணிக்குப் பிக் எதற்கு என்ற நினைப்பு. நான்கே வருடத்தில் புரூக்ளின் லீகின் கடைசி இடத்தில் நின்றது. கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த பாஸ்டனுக்கு அதே வருடம் டிராஃப்டிலும் முதல் இடம் கிடைத்தது. 2016இன் புரூக்ளின் பிக்கில் வந்த ஜேலன் பிரவுனும் 2017இல் வந்த டேட்டமும் 2024இல் பாஸ்டனுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஃபிலடெல்ஃபியா சேர்த்துக் கொடுத்த அந்த வருங்காலப் பிக் கடைசியில் 2019இன் சாக்ரமெண்டோ பிக்காக முடிந்தது. அது மிக உயரத்தில் விழும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2017இல் மூன்றாவது இடத்தை இழந்து ஐந்தாவதுக்கு இறங்கிய சாக்ரமெண்டோ அங்கே டியாரன் ஃபாக்ஸை எடுத்திருந்தது. அவரைக் கொண்டு அணி எழுந்தது. பிக் 14ஆவது இடத்தில்தான் விழுந்தது. நஷ்டப்பட்டவர் எழுந்து நின்றால் வாங்கியவரின் கணக்கும் பொய்க்கும்.

ஸ்டெபியன் விதி இருந்தும் அணிகள் தங்கள் நாளையை முழுசாக விற்க வழி கண்டுபிடித்துவிட்டன. 2023இல் ஃபீனிக்ஸ் சன்ஸ், கெவின் டுரான்டுக்காக 2023, 2025, 2027, 2029 முதல் சுற்றுப் பிக்குகளை விதிக்கு உட்பட்டு ஒரு வருடம் விட்டு ஒரு வருடமாகக் கொடுத்தது. சில மாதத்தில் பிராட்லி பீலுக்காக நடுவில் இருந்த 2024, 2026, 2028, 2030 வருடங்களில் மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. மாற்றும் உரிமையில் ஏதோ ஒரு பிக் கையில் மிஞ்சுவதால் விதி மீறப்படவில்லை. ஆனால் நல்ல பிக் விழுந்தால் அது போய்விடும். 2025இல் ஃபீனிக்ஸ் 36 ஆட்டம் மட்டும் வென்று பிளேஆஃபுக்கே வரவில்லை. டுரான்டை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தவற்றில் அந்த வருடத்தின் பத்தாவது பிக்கும் இருந்தது. அது ஃபீனிக்ஸின் சொந்த பிக், டுரான்டை வாங்கக் கொடுத்த அதே பிக். கைமாறிக் கைமாறி ஹூஸ்டனுக்குப் போயிருந்ததை, டுரான்டையே கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

அதே 2025 ஜூனில் பட்டம் வென்றது ஓக்லஹோமா சிட்டி தண்டர். 2019இல் அந்த அணி தன் நட்சத்திரம் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளம் வீரரையும் ஐந்து முதல் சுற்றுப் பிக்குகளையும் வாங்கியது. வந்த பிக்குகளில் ஒன்று 2022இல் 12ஆவது இடத்தில் விழுந்து ஜேலன் வில்லியம்ஸைக் கொடுத்தது. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2025இன் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். இடையில் இரண்டு மூன்று வருடம் தோல்வியைச் சகித்துக்கொண்டது அந்த அணி. அதனால் முடிந்தது, ஏனென்றால் அவசரப்படுத்த யாரும் இல்லை.

என்பிஏவின் ஏறக்குறைய 80 வருடக் கதையில் பிக்கின் விலை விற்றவரின் அவசரத்தை ஒட்டியே ஏறி இறங்கியிருக்கிறது. தோற்றவருக்குக் கைகொடுக்க வந்த ஏற்பாடு, காத்திருக்க முடியாதவரிடமிருந்து காத்திருக்க முடிந்தவருக்கு நாளையைக் கடத்துகிற சந்தையாக வளர்ந்தது. ஒரு லீகில் இதனால் ஒரு ஊர் ரசிகர்கள் சில வருடம் வருந்துவார்கள். ஒரகடத்தில் நிரந்தர வேலையில் இருப்பவரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே சீட்டில் சேரும்போது, தள்ளி எடுக்கிறவர் அநேகமாக ஒப்பந்தக்காரராகத்தான் இருப்பார். அவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவருக்கு வேண்டியது அவசரத்தின் விலைக்கு ஒரு வரம்பு. க்ளீவ்லேண்டின் நான்கு வருடம் போன பிறகுதான் ஒரு லீக் அதைக் கற்றுக்கொண்டது, ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை. நம்மிடம் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஷிஃப்ட் சீட்டுகள் அதன் கீழே பதிவாகி வர வேண்டும். பதிவு செய்வது ஒரு சீட்டு போடும் அளவுக்கு எளிதாக வேண்டும்.